தீர்ப்பிடுவோரைத் தெரிந்தெடுத்தல்

தல்லாகுளத்தில் நமக்கு ஒரு வழக்குரைஞர் நண்பர் உண்டு. மழைக்கு அவரது அலுவலகத்தில் ஒதுங்கிய ஒரு மாலைப் பொழுதில், அட்டை கிழிந்த பழைய நூலொன்று நம் கைக்கு வந்தது. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். ஜூரர்களைத் தெரிந்தெடுக்கும் பகுதியை, தண்ணீர் வடியும் குடையை மடியில் வைத்துக்கொண்டே படித்தோம். 1973-ஆம் ஆண்டின் சட்டத்தோடு குற்ற வழக்குகளில் ஜூரி முறை நம் நாட்டில் மறைந்துபோயிற்று. ஆயினும் அந்தப் பக்கங்கள் நம்மை விடவில்லை.

செஷன்ஸ் நீதிபதியும் கலெக்டரும் சேர்ந்து பட்டியல் தயாரிப்பார்கள். பெயர், ஊர், தொழில் ஆகியவற்றோடு அகரவரிசையில் அது எழுதப்படும். பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்படும். இருபத்தொன்று முதல் அறுபது வயது வரையுள்ள ஆண்களே அதில் இடம்பெறலாம். வழக்கு நாளில், அழைக்கப்பட்டோருள் சீட்டு முறையில் பெயர் எடுப்பார்கள். உத்திரமேரூர்க் குடவோலையும், யூதாசின் இடத்திற்கு மத்தியா சீட்டு விழுந்து சேர்க்கப்பட்டதும் நமக்கு நினைவுக்கு வந்தன. ஆனால் சீட்டோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்படும்போது, குற்றஞ்சாட்டப்பட்டவரை நோக்கி, "இவரைக் குறித்து உமக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டாக வேண்டும். ஒருதலைச் சார்பு உள்ளவர், காவல் பணி செய்பவர், சாட்சியத்தின் மொழி அறியாதவர் எனக் காரணம் சொல்லி மறுக்கலாம். உயர்நீதிமன்ற விசாரணையிலோ, காரணமே சொல்லாமல் இரு தரப்பும் எட்டெட்டுப் பேரை விலக்கலாம்.

அந்த ஆட்சேபப் பட்டியலில் நம்மைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த ஒன்று உண்டு. பழக்கத்தாலோ சமய வார்த்தைப்பாட்டாலோ உலகக் காரியங்களைக் கைவிட்டவரையும் ஆட்சேபிக்கலாமாம்! மறைமாவட்டக் குருவாகிய நமக்குத் துறவற வார்த்தைப்பாடு இல்லை என்று வாதாடிப் பார்த்தாலும் பயனில்லை. இறைபணி செய்யும் குருக்களுக்கு இன்னொரு பிரிவு விலக்கு அளித்துவிடுகிறது. "சாமி, உங்களைச் சட்டமே நம்பவில்லை" என்றார் நண்பர். நாமும் சிரித்தோம்.

இத்தனை ஏற்பாடும் இருந்தும் தவறு நேராமல் இல்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், 1945-ஆம் ஆண்டு மே மாதம், சென்னையில் ஒன்பது ஜூரர்களுள் ஆறு பேர் தியாகராஜ பாகவதரையும் என். எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றனர். இருவரும் சிறை புகுந்தனர். லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பியனுப்ப, 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பாகவதரைப் பற்றி முன்னரே ஓர் எண்ணம் கொண்டிராத ஒன்பது பேரை அன்றைய சென்னையில் எந்தச் சீட்டு கொண்டுவந்திருக்கும்?

இலங்கையில் இம்முறை இன்றும் உண்டு. அங்கே ஜூரர் பட்டியல் மொழிவாரியானது. எந்த மொழியினர் தம்மை விசாரிக்க வேண்டுமெனக் கேட்கும் உரிமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே உரியது. 2006-இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கைச் சிங்கள ஜூரர்கள் கேட்டனர். 2016-ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நாள், அனைவரும் விடுதலையாயினர். ஜூரர்கள் நேர்மையற்றவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. இறந்தவரின் வீட்டாரிடம் எவரும் ஆட்சேபம் கேட்கவில்லை என்பதே நம் மனத்தில் தைத்தது.

ஏன் தைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நாம் இளங்குருவாய் மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில் பணியேற்ற புதிது. ஒரே கிணற்றில் பங்குடைய கைம்பெண் ஒருவருக்கும் அவருடைய கொழுந்தனாருக்கும் முறைத் தண்ணீர் பற்றி வழக்கு. நீதிமன்றம் போக வேண்டாம், கோவிலிலேயே பேசித் தீர்க்கலாம் என்றோம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும், முன்வரிசையில் நின்ற ஐவரைக் கைகாட்டி, "நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்" என்றோம். இரண்டு மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. வாரத்தில் இரண்டு நாளாக இருந்த அந்த அம்மாவின் முறை ஒரு நாளாயிற்று. சமாதானம் ஆயிற்று என்று மகிழ்ந்து, ஆயருக்கு எழுதிய கடிதத்திலும் அதைக் குறிப்பிட்டோம்.

ஒரு மாதம் கழித்து அவர் அறைவீட்டு வாசலில் வந்து நின்றார். ஐவருள் ஒருவரின் மகள் கொழுந்தனாரின் வீட்டு மருமகள். ஊரறிந்த இச்செய்தி நமக்கு மட்டும் தெரியாது.

"அவர்கள் நல்லவர்கள்தானே, அம்மா?" என்றோம்.

"நல்லவர்கள்தான், சாமி. ஆனால் இவர் இருக்கலாமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

நமக்குப் பதில் இல்லை. மீண்டும் ஐவரைக் கூட்டினால் அவர்களை அவமதித்ததாகும் என்று அஞ்சினோம். அடுத்த ஆண்டு நாம் மாற்றலானோம். தண்ணீர் போதாமல், அந்த அம்மா நிலத்தைக் கொழுந்தனாருக்கே குத்தகைக்கு விட்டுவிட்டார் என்று பின்னர் கேள்விப்பட்டோம். உலகக் காரியங்களைக் கைவிட்டவரை ஆட்சேபிக்கலாம் என்ற பிரிவைப் படித்தபோது நாம் சிரித்த சிரிப்பு வீடு வரை நிலைக்காததன் காரணம் இதுவே.

சென்ற தவக்காலத்தில் அவருடைய மகன் நம்மைத் தேடி வந்திருந்தார். மதுரையில் வேலை; மகளின் திருமண ஓலைக்காக வந்தார். தாயார் இறந்து நான்கு ஆண்டுகள் ஆயிற்று என்றார். ஓலையில் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். கிணற்றைப் பற்றிக் கேட்க வாயெடுத்தோம், கேட்கவில்லை.