அது கோபம்தானா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து ஆவடியில் இருக்கும் வீட்டுக்கு வருகிறார் ஓர் அப்பா. ஃபீஸ் கட்ட நாளைதான் கடைசி நாள் என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். அவ்வளவுதான்! "எப்பப் பாரு காசு, காசு" என்று கத்துகிறார். கை நடுங்குகிறது. 'அப்பாவுக்கு என்னைக் கண்டாலே கோபம்' என்று மகன் முடிவு கட்டிவிடுகிறான். நாலு நாள் பேச்சு இல்லை. பல வீடுகளில் நடப்பதுதான் இது.

ஆனால் அது கோபம்தானா?

1962-ல் ஷாக்டர், சிங்கர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வைட்டமின் என்று சொல்லி மாணவர்களுக்கு அட்ரினலின் ஊசி போட்டார்கள். நெஞ்சு படபடக்கும், ஏன் என்று தெரியாது. பக்கத்தில் இருந்தவர் கும்மாளம் போட்டால் அந்தப் படபடப்பு குஷியாகவும், எரிந்து விழுந்தால் எரிச்சலாகவும் ஆனது என்றார்கள். பிறகு செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் அவர்கள் கிளப்பிய கேள்வி நிற்கிறது. படபடப்பு உடம்புடையது, அதற்குப் பெயர் வைப்பது யார்?

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணங்கள். வெகுளிக்கு, உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், துன்புறுத்தல், கொலை. அழுகைக்கு, பிறர் இகழ்வதால் வரும் இளிவு, இழப்பு, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, வறுமை.

வறுமை இருப்பது அழுகையின் கணக்கில்!

மகன் கேட்டது ஃபீஸ். அப்பாவின் காதில் விழுந்தது 'உன்னால் முடியவில்லை' என்பது. தொல்காப்பியர் கணக்குப்படி அவர் அழுதிருக்கிறார். ஆம்பளை அழக்கூடாது என்று வளர்த்த ஊரில் அழுகைக்குக் கிடைத்த வழி கத்தல். தனக்கு வந்தது கோபம் என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருப்பார்.

பெயர் மாறினால் பதிலும் மாறும். கோபம் என்றால் ஒதுங்கிப் போகலாம், இல்லை பதிலுக்குக் கத்தலாம். அழுகை என்று தெரிந்தால், "எவ்ளோ குறையுதுப்பா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தோன்றும்.

அந்த ஒரு கேள்வியில் நாலு நாள் மௌனம் மிச்சமாகியிருக்கும்.