புகை போன சுவர்

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டிலிருந்து வந்த பழங்களில் ஒன்றைப் பொறுக்கி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, "இந்தக் கலர்தான் அடுக்களைக்கு" என்றார் மதினி. அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. ஆறடிக்கு எட்டடி அடுக்களை, மேற்குப் பக்கம் ஒரே ஜன்னல். அண்ணன் வெள்ளை போதும் என்கிறான். பெயின்ட் அடிக்க வந்த அண்ணாச்சியும் அவன் கட்சி. "ஐவரி அடிச்சிருவோம்மா, ரூம் பெருசாத் தெரியும்."

"பெருசாத் தெரிஞ்சு என்ன செய்யப்போறேன் அண்ணாச்சி? உள்ள நிக்கப்போறது நான் ஒருத்திதான?"

இந்தக் கேள்வியை என்னால் கடந்துபோக முடியவில்லை. சின்ன அறைக்கு வெளிர் நிறம் என்ற விதி பொய்யில்லை. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது, அதனால் மூலைகள் விலகி நிற்பதுபோலத் தோன்றுகிறது. ஆனால் அது வாசலில் நின்று எட்டிப் பார்ப்பவருக்கான விதி. உள்ளே நிற்கிறவர் காலையில் இட்லித் தட்டை இறக்குகிறார், மத்தியானம் குழம்பைக் கூட்டுகிறார், ராத்திரி பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சுவர் அவருக்கு முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த அறை எவ்வளவு பெரிசு என்பது அவர் கைக்கே தெரியும். கண்ணை ஏமாற்றி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. போதாததற்கு டைல்ஸ், அலமாரி, பரண், ஜன்னல் எல்லாம் போக, பெயின்டுக்கு மிஞ்சுவது நாலைந்து துண்டு இடம்தான். அதிலும் பயந்து பயந்து நிறம் பார்க்க வேண்டுமா?

எங்கள் பக்கத்து அடுக்களைகளுக்கு நிறம் என்று ஒன்று வந்ததே சமீபத்தில்தான். ஆச்சி காலத்தில் எல்லா அடுக்களையும் கறுப்பு. அதை யாரும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, புகை தேர்ந்தெடுத்தது. புளியங்குடிக்குக் கிழக்கே சங்கரன்கோவில் பாதையில் போனால் கரிசல். பருத்தி எடுத்து ஓய்ந்ததும் காய்ந்த செடியான மாரைப் பிடுங்கிக் கட்டுக்கட்டாக வண்டியில் ஏற்றி வருவார்கள். மேற்கே மலையடிவாரத்து விறகு. இரண்டும் இல்லாத நாளில் உடைமுள், பனையோலை, வரட்டி. பருத்திமார் படபடவென்று பிடித்துச் சட்டென்று அணைந்துவிடும், பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஈர விறகென்றால் கரியோடு தாரும் சேர்ந்து கிளம்பும். அந்தத் தார்தான் ஓட்டிலும் உத்திரத்திலும் சுவரிலும் பளபளவென்று படிந்துவிடும். விரலால் தொட்டால் வராது, கத்தியால்தான் சுரண்ட வேண்டும்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் மட்டும் அந்தக் கறுப்போடு ஒரு சண்டை நடக்கும். சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைப் புறவாசல் தொட்டியில் கொட்டி ஆச்சி தண்ணீர் ஊற்றுவாள். நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். பிள்ளைகள் யாரும் கிட்டே போகக் கூடாது. தெறித்தால் கண் போய்விடும் என்று தாத்தா கம்போடு நிற்பார். ராத்திரி முழுக்கக் கிடந்து ஆறியதைத் துணியில் வடிகட்டி, சுவரில் பிடிப்பதற்காகக் கஞ்சி சேர்த்து, கடைசியில் நீலப் பொடியை ஒரு துணியில் முடிந்து முக்கி எடுப்பாள். சுவரில் அடிக்கிற மட்டை என்பது பனமட்டையின் அடியை நைத்து நாராக்கியது. நாங்கள் சுவரில் இழுத்த அதே பனைநார் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வெளிதேசங்களில் பிரஷ்ஷாகப் போய்க்கொண்டிருந்தது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஈரச் சுண்ணாம்பு அடித்த உடனே ஒன்றும் தெரியாது, சாம்பல் பூத்தாற்போல இருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது. சூளையில் போவதற்கு முன்னால் அது என்னவாக இருந்ததோ அதற்கே திரும்பிவிடுகிறது. வெள்ளையடித்த முதல் நாலைந்து நாளுக்குள் அடுக்களையில் ஒரு காரியம் நடக்கும்.

அம்மி சுவரோரமாகக் கிடந்தது. ஆச்சி மஞ்சள் அரைத்துவிட்டு எழுந்திருக்கும்போது சுவரில் கையை ஊன்றித்தான் எழுந்திருப்பாள். வருஷம் பூராவும் அந்த இடத்தில் மங்கலான மஞ்சள் கறை ஒன்றிருக்கும். ஆனால் பொங்கல் வெள்ளையடிப்பு முடிந்த கையோடு ஊன்றினால் கை பட்ட இடம் சிவந்துவிடும். ஐந்து விரலும் தெரிய, ரத்தச் சிவப்பில். முதல்முறை பார்த்தபோது ஆச்சிக்குக் கையில் வெட்டுப்பட்டுவிட்டது என்று நான் கத்தினேன். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், வெறும் மஞ்சள். "ஆரத்தி எப்படிலே செவக்குது? அதேதான்" என்றாள். தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்தால் சிவப்பதை எத்தனையோ கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். சுவரே ஆரத்தித் தட்டாகும் என்று நினைக்கத் தெரியவில்லை.

பிறகு ஆச்சி செய்தது இன்றைக்கும் மனசில் நிற்கிறது. பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்து அந்தச் சிவந்த விரல்களில் ஒன்றின்மேல் தேய்த்தாள். விரல் மஞ்சளாகிவிட்டது. மற்ற நாலும் சிவப்பு, இது ஒன்று மட்டும் மஞ்சள். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாறு சுவரில் இறங்க இறங்க அந்த விரலும் மெல்ல மெல்லச் சிவந்தது. பழத்தின் புளிப்பைப் புதுச் சுண்ணாம்பு தின்று தீர்த்துவிட்டது. மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாகவே நிற்கும் என்று பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லித்தந்தபோது எனக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. எந்த வாத்தியாரும் சொல்லாத இன்னொன்றையும் அந்தச் சுவர் சொல்லியிருந்தது. தை போய் மாசி வந்த பிறகு ஊன்றிய கை அவ்வளவாகச் சிவக்காது. சுண்ணாம்பு கல்லாகிக் காரம் இறங்கியிருக்கும். வெள்ளையடித்து எத்தனை நாளாயிற்று என்பதை ஆச்சியின் கைத்தடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

மஞ்சளைக் கரைத்து நம் பழைய வீடுகளுக்கு மஞ்சள் சுவர் அடிக்க முடியாமல் போனதும் இதனால்தான். சுண்ணாம்பில் போட்டால் சிவக்கும், வெயில் பட்டால் வெளுக்கும். சுண்ணாம்போடு ஒத்துப்போவது மண்ணிலிருந்து எடுத்த காவியும், மஞ்சள் காவியும், பிறகு வந்த நீலமும்தான். அந்த நீலத்தின் கதை பெரிசு. ஐரோப்பியர் ஒரு காலத்தில் அதை ஆப்கானிஸ்தானத்து பதக்‌ஷான் மலையிலிருந்து வந்த கல்லை அரைத்து எடுத்தார்கள், விலை தங்கத்துக்குச் சமானம். செயற்கையாகச் செய்துகாட்டுபவருக்கு 6,000 பிராங்க் தருவதாக 1824-ல் பிரான்சில் ஒரு சங்கம் அறிவித்தது. ழான் பாப்டிஸ்ட் கிமே என்பவர் 1828-ல் அந்தப் பரிசைப் பெற்றார். அவர் வழிகாட்டிய பிறகே நீலம் தொழிற்சாலைச் சரக்காகி, வேட்டி வெளுக்கவும் சுவரடிக்கவும் பொட்டலமாகக் கடைக்கு வந்தது. ராஜாக்களின் ஓவியத்தில் இருந்த நிறம் ஆச்சியின் துணிமுடிச்சுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

நீல அடுக்களை என்றதும் இன்னொரு பெண் ஞாபகத்துக்கு வருகிறார். வியன்னாவில் பிறந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, கட்டடக் கலைஞர். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரம் உழைக்கிறவர்களுக்காக வீடு வீடாகக் கட்டிக்கொண்டிருந்தபோது, அந்த வீடுகளுக்கான அடுக்களையை 1926-ல் வரைந்தவர். அகலம் ஆறடி சொச்சம், நீளம் பதினோரு அடி சொச்சம். எங்கள் அடுக்களையைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ரயில் வண்டியின் சமையல் பெட்டியைப் பார்த்து, ஒருத்தி எத்தனை எட்டு வைக்கிறாள் என்பதை நேரம் பிடித்து அளந்து செய்தது. சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். அந்தச் சின்ன அறைக்கு வெள்ளையோ ஐவரியோ அவர் அடிக்கவில்லை. அலமாரிகள் பச்சை கலந்த நீலம். ஈ அந்த நிறத்தில் உட்காராது என்று அன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னார்களாம். ஈ விஷயம் எப்படியோ, சின்ன அடுக்களையில் அழுத்தமான நிறம் வைக்கலாம் என்பதற்கு நூறு வருஷத்து முன்னுதாரணம் இருக்கிறது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அது ஜெர்மனி" என்றான்.

புளியங்குடிக்கே வருவோம். 1965 அக்டோபரில் கல்கத்தாவில் இண்டேன் தன் முதல் சமையல் எரிவாயு இணைப்பைக் கொடுத்தது. எங்கள் தெருவுக்குச் சிலிண்டர் வர அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆனது. வசதியுள்ள ஒன்றிரண்டு வீடுகளில் முதலில் வந்தது. 2007-ல் தமிழ்நாட்டு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகும், 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா எரிவாயுத் திட்டம் வந்த பிறகும்தான் அடுப்பு ஊதுகிற குழல் ஒவ்வொரு வீடாகப் பரணுக்கு ஏறியது. எங்கள் வீட்டுக்கு சிலிண்டர் வந்தபோது அம்மா முதலில் செய்தது சமையல் இல்லை. ஆள் வைத்துச் சுவரைச் சுரண்டச் சொன்னாள். சுரண்டி வெள்ளையடித்தால் உள்ளே ஊறிக் கிடந்த தார் பழுப்பாக மேலே எழும்பி வந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி வந்தது. கடைசியில் அந்தப் பக்கத்துப் பூச்சையே கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி, ரோஸ் கலர் அடித்தாள். நல்ல அழுத்தமான ரோஸ். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தன் அடுக்களையில் அவள் பார்த்த முதல் நிறம் அது.

நம் சின்ன ஊர்களின் வீட்டு நிறங்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. கிளிப்பச்சை, வாடாமல்லி, ஆரஞ்சு, ஒரே வீட்டில் மூன்றும். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடே இல்லை. தலைமுறை தலைமுறையாகப் புகைக்கறுப்பும் சுண்ணாம்பு வெளுப்பும் தவிர வேறெதுவும் கிடைக்காதவர்கள், கலர் கார்டை முதல்முறையாகக் கையில் வாங்கும்போது சாம்பல் கலந்த வெள்ளையைத் தேடவா செய்வார்கள்?

மஞ்சளில் ஒரு பயம் எனக்கும் இருந்தது. பளிச்சென்ற பழைய மஞ்சள் பெயின்டுகளில் பலவும் ஈயக் குரோமேட்டால் ஆனவை. விலை குறைவு, ஒரே பூச்சில் அடியிலிருப்பதை மூடிவிடும், வெயிலுக்கும் நிற்கும். ஆனால் உதிர்ந்தால் விஷம், அதுவும் அடுக்களையில், தவழும் பிள்ளை உள்ள வீட்டில். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. டப்பாவில் அது அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஈயத்துக்குப் பதிலாக வந்த மஞ்சள்கள் மெல்லியவை. "மஞ்சள் ரெண்டு கோட்டுல மூடாது, மூணு ஆகும்" என்று அண்ணாச்சி சொல்வது கூலிக்காக இல்லை, அதுதான் உண்மை. அடியில் வெள்ளை பிரைமர் சுத்தமாக இருந்தால்தான் மேலே மஞ்சள் மஞ்சளாக நிற்கும்.

எந்த மஞ்சள் என்பதில்தான் மதினியும் நானும் வெகுநேரம் உட்கார்ந்தோம். மார்க்கெட்டில் செங்காயிலிருந்து நன்றாகப் பழுத்தது வரை எல்லாம் இருக்கும். தோலில் பச்சையம் வடிய வடிய மஞ்சள் மேலே வரும். மதினிக்குப் பிடித்தது லேசாகப் பச்சை ஓடிய பழம். கார்டில் அந்த நிறம் இருந்தது. ஆனால் எங்கள் ஜன்னல் மேற்கே மலையைப் பார்த்தது. மற்ற ஊரில் சூரியன் மறைவதற்கு முன்பே எங்களுக்கு மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். அப்புறம் உள்ளே வருவது வானத்து நீல வெளிச்சம் மட்டும். ராத்திரி டியூப்லைட்டும் நீலம் கலந்த வெள்ளைதான். நீல வெளிச்சத்தில் எலுமிச்சை மஞ்சள் பச்சையாகத் திரும்பும். போதாததற்குச் சின்ன அறையில் ஒரு சுவர் எதிர்ச்சுவரில் தன் நிறத்தை எறியும், அது திருப்பி எறியும், கார்டில் பார்த்ததைவிட நிறம் ஏறிவிடும். சோறும் பாலும்கூடச் சாயம் பிடித்தாற்போலத் தெரியும். பால் திரிந்ததா இல்லையா என்று பார்க்கிற இடத்தில் அது கூடாது.

ஆகவே நன்றாகப் பழுத்த பழத்தின் மஞ்சளை எடுப்பது, மதினி கேட்ட பச்சையைச் சாயங்காலமும் டியூப்லைட்டும் தந்துவிடும் என்று முடிவானது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரும், அடுப்புக்கு மேல் டைல்ஸ் முடிந்த இடமும் மஞ்சள். மற்ற இரண்டும் மச்சும் வெள்ளை. துடைத்தால் எண்ணெய்ப்பசை போகிற மாதிரி கொஞ்சம் மினுமினுப்புள்ள எமல்ஷன். தாளிக்கும்போது தெறிக்கிற மஞ்சள் பொடி இந்தச் சுவரில் சிவக்காது, தெரியக்கூடச் செய்யாது. அண்ணாச்சி ஒரு முழ அகலத்துக்கு அடித்துக் காட்டினார், ராத்திரி லைட்டைப் போட்டும் பார்த்தோம். அண்ணன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். பரணுக்கு அடியிலுள்ள அலமாரிக் கதவுகளுக்குக் கிளிப்பச்சை வேண்டும் என்று மதினி இப்போது கேட்கிறார். அதிலும் நான் மதினி பக்கம்தான்.