பத்து இராகங்களும் ஒரு பொறியும்

28 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த இசைத்தட்டு ஒன்று 2010-ஆம் ஆண்டில் மறுபதிப்புப் பெற்று உலகெங்கும் பேசப்பட்டது. அது பிறந்தது நாம் பிழைப்புத் தேடி வந்த இதே பம்பாயில். டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள் என்பதே அதன் ஆங்கிலப் பெயரின் கருத்து. 1982-இல் எச்.எம்.வி. நிறுவனம் வெளியிட்டது. வாசித்தவர் சரண்ஜித் சிங். இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கித்தார் வாசித்தவர். பாடகரை ஊர் அறியும். பின்வரிசையில் அமர்ந்து மீட்டுபவரை யார் அறிவார்?

அந்நாளில் நாங்கள் செம்பூரில் குடியிருந்தோம். 1980-இல் ‘குர்பானி’ வந்தது முதல் தெருவெங்கும் டிஸ்கோ முழங்கிற்று. எங்கள் வீட்டிலோ விடியலில் சுப்ரபாதம். பிறகு அலுவலக அவசரம். இத்தட்டின் செய்தி எங்கள் செவிக்கு எட்டவேயில்லை. மற்றவர்களும் அதிகம் வாங்கவில்லை என்பர்.

சரண்ஜித் சிங் கையாண்டவை ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள்: ஜூபிடர் 8, டி.ஆர். 808, டி.பி. 303. இவற்றுள் கடைசியது, பேஸ் கித்தார்க் கலைஞர் இல்லாத குறையைத் தீர்க்கவென்று செய்யப்பட்ட சிறு பெட்டி. விற்பனையாகாமல் 1984-இல் உற்பத்தி நின்றது. பழைய பொருளாக மலிந்த அதனைச் சிகாகோ இளைஞர் சிலர் எடுத்து, திருகுகளைத் திருப்பித் திருப்பி 1987-இல் ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் புது இசையைக் கண்டனர். அதற்கு ஐந்தாண்டு முன்னரே அதே ஒலி பைரவிலும் மால்கௌன்ஸிலும் ஒலித்திருக்கிறது! ஒரு சுரத்தினின்று மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி அப்பெட்டியில் உண்டு. இராகம் வாசிப்பவருக்கு வேறென்ன வேண்டும்? ஈடோ பௌமன் என்னும் டச்சுக்காரர் 2002-இல் டெல்லியில் இத்தட்டைக் கண்டெடுத்தார். மறுபதிப்பும் அவர் முயற்சியே. 2015-இல் காலமான சரண்ஜித் சிங், தம் புகழைத் தாமே காணும் பேறு பெற்றார்.

சென்ற ஆண்டு எங்கள் பேத்தி தன் முதற் சம்பளத்தில் அம்மறுபதிப்பையும், அதைச் சுழற்ற ஒரு பெட்டியையும் வாங்கி வந்தாள். அவள் மராத்தி ஆசிரியையிடம் இந்துஸ்தானி பயின்றவள். பாட்டியிடம் கீர்த்தனை கற்க அவளுக்கு வாய்க்கவில்லை. பள்ளி, தேர்வு, இரயில் என்று காலம் ஓடிவிட்டது. அவள் பாடும்போது எம் துணைவியார் அடுக்களையிலேயே இருந்துவிடுவார். வெறுப்பன்று, தமக்கு அங்கே இடமில்லை என்னும் எண்ணம்.

அன்று பூபாளி ஒலித்ததும் “மோகனம்” என்றபடி கூடத்துக்கு வந்தார். அடுத்தது தோடி என்று உறையில் கண்டு ஆவலோடு அமர்ந்தார். ஊசி இறங்கியதும் முகம் மாறிற்று.

“இது சுபபந்துவராளி அல்லவா?”

“இல்லை பாட்டி, தோடிதான்.”

இருவர் சொன்னதும் சரியே. அவர்கள் தோடி நமக்குச் சுபபந்துவராளி. நம் தோடி அவர்களுக்குப் பைரவி. இவ்வழக்கு இரவு உணவு வரை நீண்டது. பேத்தி ஒரு தாளில் கோடிட்டு இரு பெயர்களையும் எழுதலானாள். யமனுக்குக் கல்யாணி, கலாவதிக்கு வலஜி, மதுவந்தி தர்மவதியை ஒட்டியது. மேக மல்ஹாரில் மழை வரவில்லை என்பது எங்கள் துணிபு. அந்தத் தாளம் அதை வரவிடாது. கமகத்தைத் தேடுவோர் ஏமாறவே செய்வர். ஆயினும் மால்கௌன்ஸ் வந்தபோது பாட்டியின் விரல்கள் தொடையில் தாளமிட்டதை நாங்கள் பார்த்தோம்.

“இந்தோளம்” என்றார், கேளாமலே.

“உங்கள் இந்தோளத்தைப் பாடுங்கள் பாட்டி” என்று பெட்டியை நிறுத்தினாள் பேத்தி.

பல ஆண்டுகளாகப் பாடாத குரல். மேல் ஸ்தாயியில் உடைந்தது. பேத்தி சுரம் சொல்லித் தாங்கிக்கொண்டாள். சுரங்களுக்கு இரு வீட்டிலும் ஒரே பெயர்தானே.

அத்தாள் இன்னும் பெட்டியின் அடியில் இருக்கிறது. லலித்துக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதப்படவில்லை. நம் லலிதா அதுவன்று என்று பாட்டி சொல்லிவிட்டார்.