என் பெண்ணும் வழிகாட்டிப் பெட்டியும்

"உங்கள் பெண் என்ன செய்கிறாள்?" என்று யாராவது கேட்டால், "விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள்" என்று பதில் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அதுவரையில், "வடக்கே படிக்கிறாள்" என்று மட்டும் சொல்லிச் சமாளித்துக் கொண்டிருந்தேன். அது பொய் இல்லை அல்லவா?

என் கணவருக்கு இந்த ஒளிவு மறைவெல்லாம் கிடையாது. செங்கற்பட்டு ஜங்ஷனில் பல வருஷம் ரெயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். "1951லேயே நம் சென்னை ராஜ்யத்து சர்க்காருக்காக உஷா சுந்தரம் என்ற அம்மாள், தம் கணவரோடு சேர்ந்து இங்கிலாந்திலிருந்து டவ் விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். நீ என்னவோ உன் பெண்தான் முதல் பெண் என்பது போல நடுங்குகிறாயே!" என்பார்.

நடுங்காமல் என்ன செய்வது? அந்த அம்மாள் என் வயிற்றில் பிறக்கவில்லையே!

2018ஆம் வருஷம் சித்திரை மாதம், பெண் லீவில் வந்தாள். வழக்கமாக வந்ததும் வராததுமாக மாவடு ஜாடியைத் தேடுகிறவள், அன்று பெட்டியிலிருந்து இரண்டு கறுப்புப் பலகைகளை எடுத்துக் கூடத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று 5 அங்குலம், மற்றொன்று 7 அங்குலம். விரலால் தொட்டால் வேலை செய்கிற கண்ணாடி முகம் இரண்டுக்கும்.

"அம்மா, இது ஜீ.பி.எஸ். சின்ன விமானத்தில் கையோடு கொண்டு போவது. படிப்பு முடித்த இரண்டு பேர் விற்கிறார்கள். ஒரு வாரம் வைத்துப் பார்த்து, எது சரிப்படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்" என்றாள்.

"ஏண்டி, அதுதான் செல்போனிலேயே இருக்கிறதே?" என்றேன். என் விஞ்ஞான ஞானம் அவ்வளவுதான்.

"செல்போன் தெருவைக் காட்டும். ஆகாயத்தில் தெரு ஏது? எங்கே பறக்கலாம், எங்கே பறக்கக் கூடாது, பக்கத்தில் எந்த விமான நிலையம், எதிரே எவ்வளவு உயரத்தில் குன்று என்றெல்லாம் இது சொல்லும். இதோ பார், கல்பாக்கம்!" என்று காட்டினாள். நம் அணுமின் நிலையத்தைச் சுற்றிப் படத்தில் ஒரு வட்டம் போட்டிருந்தது. அதற்குள் விமானம் பறக்கக் கூடாதாம். மகாபலிபுரத்துக் கடற்கரையிலிருந்து பார்த்தால் அந்த வட்டம் யார் கண்ணுக்கும் தெரியாது. வானம் ஒரே வானமாகத்தான் இருக்கிறது. தெரியாத வேலியைத் தெரியப்படுத்துவதுதான் பெட்டியின் வேலை.

அந்த விவரமெல்லாம் 28 நாளைக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படுகிறதாம். "பஞ்சாங்கமாவது வருஷத்துக்கு ஒன்று போதும்" என்றார் இவர்.

பெட்டிக்கு இடம் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. முதலாவதை 1978ல் அனுப்பினார்கள். முழு ஏற்பாடும் 1995ல் நிறைவேறியது. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "இப்போது மணி இத்தனை" என்று அது ஓயாமல் கூவிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் பூமிக்கு வர, ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. அந்தத் தாமதத்தை வைத்துப் பெட்டி தூரத்தைக் கணக்கிடுகிறது. நாலு கோள்களின் குரல் கேட்டால் இடமும் உயரமும் தெரிந்துவிடும். கணக்கில் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தப்பிப் போகும். நம் தேசமும் 2013 முதல் 'நாவிக்' என்று சொந்தக் கோள்களை அனுப்பி வருகிறது.

"சரி, பரீட்சையை ஆரம்பிக்கலாம்" என்றார் இவர்.

முதல் பரீட்சை மொட்டை மாடியில். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் இரண்டு பெட்டிகளையும் வைத்துப் பார்த்தோம். விமானத்தின் முன் கண்ணாடி வழியாக வெயில் இப்படித்தான் அடிக்குமாம். நேரே பார்த்தால் இரண்டும் தெளிவாக இருந்தன. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பெட்டியில் என் முகம்தான் தெரிந்தது. "ஆகாயத்தில் பொட்டு வைத்துக்கொள்ள உதவும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை; நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள்.

இரண்டாவது பரீட்சை ஊஞ்சலில். ஆகாயத்திலும் மேடு பள்ளம் உண்டாம். வெயில் நேரத்தில் சின்ன விமானம் மாட்டு வண்டி போலக் குலுங்குமாம். அவளை ஊஞ்சலில் உட்கார வைத்து இவர் ஆட்ட, அவள் பெட்டியில் ஒரு சின்னக் கட்டத்தைத் தொட வேண்டும். ஐந்து அங்குலப் பெட்டியில் பத்துக்கு நாலு தடவை பக்கத்துக் கட்டத்தைத் தொட்டாள். ஏழு அங்குலத்தில் கட்டங்கள் பெரியவை. ஒரு தடவைதான் தப்பியது. பிறகு ஒரு யுக்தி கண்டுபிடித்தாள். மற்ற விரல்களால் பெட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கட்டை விரலால் தொட்டால், கையும் பெட்டியும் சேர்ந்து ஆடுகின்றன, குறி தப்புவதில்லை. ஆடுகிற ரெயிலில் காப்பி குடிக்கிறவர்களுக்கு இது தெரிந்த வித்தைதான்.

"பெரியதையே வாங்கிவிடு" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"இரு அம்மா. எங்கே பொருத்துவது என்று பார்க்க வேண்டாமா?"

விமானத்தில் கார் ஸ்டியரிங்கைப் பாதியாக வெட்டினது போல ஒரு பிடி இருக்கிறது. அதற்கு 'யோக்' என்று பெயர். யோக் என்றால் நுகத்தடி. "அப்படியானால் மாடு யார்?" என்று கேட்டு, இவர் பெண்ணிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டார். அதை இரண்டு பக்கமும் திருப்பலாம். முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம். பலர் பெட்டியை அதன்மேல்தான் பொருத்துகிறார்களாம்.

எங்கள் வீட்டில் நுகத்தடிக்கு எங்கே போவது? என் முறத்தை எடுத்துக்கொண்டாள். ஏழு அங்குலப் பெட்டியை அதன் நடுவில் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முறத்தை வயிறு வரை இழுத்தாள். பெட்டியின் முனை வயிற்றில் இடித்தது.

"பார்த்தாயா? தரையில் இறங்குகிற கடைசி நொடியில்தான் இப்படி நன்றாக இழுக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் ஒரு விரற்கடை குறைந்தாலும் ஆபத்து. பெட்டிக்குப் பின்னால் இருக்கிற மீட்டர்களும் மறைந்து போகும்" என்றாள். மின்சார ஒயரும் அப்படியே. முறத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பியதும் ஒயர் அவள் முழங்காலைச் சுற்றிக்கொண்டது.

எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. கடைத் தெருவில் புடவை எடுப்பது போலல்லவா நினைத்து, 'பெரியதை வாங்கு' என்று சொல்லிவிட்டேன்!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்து அங்குலப் பெட்டியை ரப்பர்க் கிண்ணத்தால் எங்கள் காரின் முன் கண்ணாடியில் ஒட்ட வைத்து, மகாபலிபுரம் கிளம்பினோம். செங்கற்பட்டிலிருந்து நேர் கோடாகப் போனால் கலங்கரை விளக்கம் சுமார் 24 கிலோமீட்டர் என்று காட்டியது பெட்டி. "நிமிஷத்துக்கு மூன்று கிலோமீட்டர் வேகம். எட்டு நிமிஷத்தில் நான் போய்விடுவேன்" என்றாள் பெண். எங்களுக்குத் திருக்கழுக்குன்றம் வழியாக 30 கிலோமீட்டர். ஒரு மணி நேரம்.

இன்னொன்றும் சொன்னாள். அந்த வேகத்தில் பத்து விநாடி பெட்டியைக் குனிந்து பார்த்தால், அதற்குள் விமானம் அரைக் கிலோமீட்டர் போய்விடுமாம். எதிரே வேறு விமானம் வந்தாலும் தெரியாது. தொடையில் கட்டிக்கொள்ளலாமே என்றால், அடிக்கடி தலை குனிந்து நிமிர்ந்தால் கிறுகிறுத்து, விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே புரியாமல் போகுமாம். கண்ணாடியில் ஒட்டலாம், ஆனால் அதன் பக்கத்தில் காந்த ஊசி இருக்கிறது. மின்சாரச் சாமான் கிட்டே வந்தால் ஊசி வேறு திசை காட்டும்.

வேதகிரி மலை கண்ணுக்குத் தெரிகிற சமயத்தில், வெயிலில் இளகிய ரப்பர்க் கிண்ணம் பட்டென்று கழன்றது. பெட்டி என் மடியில் இருந்த டிபன் காரியரில் விழுந்தது. நல்ல வேளை, தயிர் சாதம் இல்லை, புளியோதரை. "ரப்பர்க் கிண்ணம் பாஸாகவில்லை" என்று நோட்டில் எழுதினாள்.

மகாபலிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாளின் மகனைப் பார்க்கப் போனோம். மணலில் இழுத்துப் போட்டிருந்த அவன் பைபர் படகிலும் ஒரு ஜீ.பி.எஸ். இருந்தது. பின்பக்கம், அவன் உட்காருகிற இடத்துக்கு இடது புறம், முழங்கால் உயரத்தில் ஒரு மரப் பெட்டிக்குள் அதைப் பொருத்தியிருந்தான்.

"ஏன் தம்பி, நேர் எதிரே வைத்தால் சௌகரியமாக இருக்காதா?" என்று கேட்டேன்.

"எதிர்ல கடல் இருக்கணும்மா. இத மூஞ்சிக்கு நேரா வெச்சா கடல் மறைஞ்சுடும். ஓரமா இருந்தா, வேணும்னா ஒரு பார்வ பார்ப்பேன். இல்லேன்னா அது பாட்டுக்கு கெடக்கும்."

"கெட்டுப் போனால்?" என்றாள் என் பெண்.

"போன வருஷம் ராத்திரி தண்ணி பூந்து அணைஞ்சே போச்சு பாப்பா. லைட்ஹவுஸ் வெளிச்சத்தப் பார்த்து வந்துட்டேன். எங்க அப்பா காலத்துல இந்தப் பெட்டியே கெடையாது. கழுக்குன்றம் மலையும் லைட்ஹவுசும் எப்படி நேரா வருதுன்னு பார்த்தே, வலை போட்ட எடத்துக்கு வந்து நிப்பாரு."

தலைக்கு மேலே குன்றில் கலங்கரை விளக்கம் நின்றது. அதைக் கட்டுமுன், பக்கத்தில் இருக்கும் பல்லவர் கோயிலின் மாடத்தில்தான் கப்பல்களுக்கு விளக்கேற்றினார்கள் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். பெண் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. படகின் ஓரத்து மரப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று ராத்திரி ஐந்து அங்குலப் பெட்டியை முறத்தின் இடது ஓரமாக, தாழ்வாகக் கட்டினாள். முழுக்க இழுத்தாள், இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாள். எங்கும் இடிக்கவில்லை. ஒயரை அளவாக விட்டு, முறத்தோடு சேர்த்துக் கட்டினாள். "இதுதான்" என்றாள்.

லீவு முடிந்து போய், ஆசிரியரிடம் அனுமதி கேட்டாளாம். "இது துணைதான். காகிதப் படத்தில் பென்சில் கோடு போடாமல் தனியாகக் கிளம்பக் கூடாது" என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

"சரியாகச் சொன்னார்" என்றார் இவர். "சிக்னல் பச்சை காட்டினாலும், டிரைவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும்."

அடுத்த மாதக் கடைசியில், முதல் தடவையாக அவள் தனியாக வெளியூர் பறக்கிற நாள் வந்தது. நான் காலையிலிருந்து பூஜை அறையிலும் டெலிபோன் பக்கத்திலுமாக மாறி மாறி உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் மணி அடித்தது.

"அம்மா, வந்து சேர்ந்துவிட்டேன். பாதி வழியில் பெட்டி அணைந்து போயிற்று."

எனக்குப் பேச்சே வரவில்லை.

"வெயில் நேரே அதன்மேல் அடித்தது. சூடு தாங்காமல் தானாகவே அணைந்துவிட்டது. பயந்துதான் போனேன் அம்மா, ஒரு நிமிஷம். அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே கண்ணாடி முழுக்க வெளி தெரிந்தது. காந்த ஊசி இருந்தது, கடிகாரம் இருந்தது, மடியில் பென்சில் கோடு இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு புள்ளி வைத்திருந்தேன். அடுத்த புள்ளியில் ஆறும் ரெயில்வே பாலமும் வர வேண்டும். வந்தது! கணக்குக்கு இரண்டு நிமிஷம் தாமதம், அவ்வளவுதான். அந்த மகாபலிபுரத்து அண்ணனிடம் சொல்லு."

அடுத்த வெள்ளிக்கிழமை மீன்கார அம்மாளிடம் சொன்னேன். "அவன் என்னத்தக் கண்டான், கடல்தான் சொல்லிக் குடுத்துது" என்று சொல்லிவிட்டு, வஞ்சிரத்துக்கு ஐம்பது ரூபாய் அதிகமாகவே கேட்டாள். கொடுத்தேன்.

பெண் பெட்டியை விட்டுவிடவில்லை. நிழல் விழுகிற பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பொருத்திக்கொண்டாள். அதனால் எவ்வளவோ நன்மை. அது இருக்க வேண்டியதுதான். இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே.

அந்த வாரம் இவர் மெதுவாகச் சொன்னார்: "தினம் எட்டுத் தடவை அவளுக்குப் போன் செய்கிறாயே, நீயும் கொஞ்சம் ஓரமாக இருந்தால் என்ன?"

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் கூப்பிடுகிறேன்.

சரி, இரண்டு தடவை. அதற்கு மேல் சத்தியமாக இல்லை.