ஏற்காட்டுக்குக் கிழட்டு வேனில்

சேலத்தை விட்டு வடக்கே கிளம்பி, அடிவாரத்தைத் தாண்டியதும் சாலை மலையைச் சுற்றிக் கொள்கிறது. அங்கிருந்து ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள்! குழந்தைகள் உரக்க எண்ணிக்கொண்டே வருவார்கள். கீழே வேர்த்துக் கொட்டிய உடம்பில், பாதி வளைவுகள் ஏறுவதற்குள் சில்லென்று காற்று படும். அப்புறம் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள், நிழலில் பளபளக்கும் காப்பிச் செடிகள். பார்த்துக்கொண்டே இருக்கலாம், வண்டி ஏறினால்!

அதுதான் விஷயம். உங்கள் வீட்டு வாசலில் நிற்பது பழைய மாருதி ஆம்னி வேன் என்று வைத்துக் கொள்ளுங்கள். 1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்து, 2019 வரையில் தயாரான வண்டி. மாமியார், நாத்தனார், குழந்தைகள், புளியோதரைத் தூக்கு எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும் மகராசி. ஆனால் பழைய ஆம்னிக்கு 796 ஸி.ஸி. எஞ்சின்தான்; அதற்குப் பெட்ரோல் ஊட்டுவது கார்புரேட்டர்.

வளைவுக்கு வருகிறீர்கள். வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, ஸ்டியரிங்கை ஒடித்து, மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். வண்டி உடனே பாய வேண்டாமோ? ஒரு விநாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறது! பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கிறது. மேலேயிருந்து லாரி இறங்குகிறது. மாமியார் முருகனைக் கூப்பிடுகிறார். சமதரையில் இந்த ஒரு விநாடி வெறும் தொந்தரவு. வளைவிலோ வண்டி பின்னால் நகர ஆரம்பித்துவிடும்.

"இதெல்லாம் மெக்கானிக் பாடு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பம்ப் ஸ்டவ்வில் பின் குத்தியவர்களுக்கு இது பெரிய வித்தையல்ல. மெக்கானிக் கடையில் "பிக்கப் இல்லை" என்பார்கள். காரணம் எளிது. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் காற்று குபீரென்று உள்ளே ஓடிவிடும். பெட்ரோல் கனமானது, பின்தங்கிவிடும். அந்த இடைவெளியை நிரப்ப கார்புரேட்டருக்குள்ளேயே ஒரு குட்டிப் பம்ப் இருக்கிறது. நீங்கள் மிதித்ததும் அது ஒரு பீச்சு பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டும். அதனுள் இருக்கும் ரப்பர் தகடு விறைத்துப் போனால் பீச்சு இல்லை, வண்டி திக்குகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். திறந்த வெளியில் நிறுத்தியிருக்க வேண்டும். ஊதுபத்தி, அடுப்பு, பீடி எதுவும் அண்டக் கூடாது. பாட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஆம்னியில் எஞ்சின் முன் ஸீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. ஸீட்டைத் தூக்கினால் தரிசனம்! கார்புரேட்டர் வாயின் மேலுள்ள காற்றுக் குழாயைக் கழற்றி, ஒருவர் ஆக்ஸிலரேட்டரைக் கையால் அழுத்த, மற்றவர் எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஊசி நூல் போல் பெட்ரோல் பீய்ச்சினால் பம்ப் பிழைத்தது. சொட்டினாலோ வறண்டிருந்தாலோ, ரிப்பேர் கிட் வாங்கி ரப்பரை மாற்ற வேண்டியதுதான். அதை மட்டும், கை பழகாதவர்கள், தெரிந்தவரை வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

ஆனால் எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைப் பிரிக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. முதலில் ஏர் பில்டரைத் தட்டிப் பாருங்கள். சேலத்துப் புழுதி கிலோக் கணக்கில் கொட்டும்! பெட்ரோல் பில்டர் கறுத்திருந்தால் மாற்றுங்கள். பிறகு ரப்பர் குழாய்கள். இவற்றை வளைத்துப் பார்த்தால் நுனியில் வெடிப்பு தெரியும். அந்த வெடிப்பு வழியே திருட்டுக் காற்று உள்ளே போனால், கலவையில் பெட்ரோல் போதாமல் எஞ்சின் தடுமாறும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. ஆகவே பெட்ரோல் குழாய்களை அடிக்கடி பாருங்கள். வாசனை வந்தால் அன்று பயணமே வேண்டாம்.

பிளக்குகள் மூன்று. முனை பிஸ்கட் நிறமாக இருந்தால் சுகம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். மூன்றில் ஒன்று வேலை நிறுத்தம் செய்தாலும் இழுவையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் மேலே போகப் போக இழுவை சற்றுக் குறையத்தான் செய்யும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. மனிதருக்கு மூச்சு வாங்குகிற மாதிரிதான், வண்டிக்கும். வளைவுக்கு முன்பே கியரை இறக்கிக் கொள்ளுங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது மலைச் சாலை விதி. ஆனாலும் லாரிக்காரரிடம் வாதாட வேண்டாம்.

மேலே ஏரியில் படகு, சேர்வராயன் கோவில் குகை, சாயங்காலம் லேடீஸ் ஸீட்டிலிருந்து சேலத்து விளக்குகள். இறங்கும்போதும் ஏறிய கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் தீயும் வாசனை வரும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வேன் வாசலிலேயே மக்கர் பண்ணுகிறதா? சேலம் பஸ் நிலையத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ் போகிறது. ஜன்னல் ஓரம் பிடித்துக் கொள்ளுங்கள்.