பாலாற்றில் ஜெட் போட் ஓடுமா? ஓரிக்கை மணல் சொல்லும் பதில்!

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், நகரத்தின் சந்தடி குறையும் இடத்தில் இருக்கிறது ஓரிக்கை. காஞ்சி மகா பெரியவரின் கல் மணிமண்டபத்தைப் பார்க்க வெளியூர்களிலிருந்து பலர் இங்கே வருகிறார்கள். அங்கிருந்து கொஞ்சம் நகர்ந்தால் பாலாறு. பாலத்தில் நின்று பார்த்தால் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே மணல், நாணல், சீமைக் கருவேலம். ஆண்டின் பெரும்பாலான நாள்களில் இதுதான் காட்சி.

இந்த ஆற்றில் படகு விடலாமா என்று கேட்டால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால், ஆழம் குறைந்த, அகலம் அதிகமான, பல கால்களாகப் பிரிந்து ஓடும் ஆறுகளுக்காகவே கண்டுபிடிக்கப்பட்ட படகு ஒன்று உலகத்தில் உண்டு. அதுதான் ஜெட் போட். செல்போனில் நியூசிலாந்து ஜெட் போட் வீடியோவைப் பார்த்துவிட்டு, 'நம்ம ஊரில் இப்படி ஒன்று வாங்கி ஓட்டினால் என்ன?' என்று யோசித்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். அந்தக் கேள்விக்கு ஓரிக்கையில் நின்றபடி பதில் தேடலாம்.

ஓர் இரவு தங்கிய ஊர்

முதலில் ஊர்ப் பெயர். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்திவிட்டான். சீடன் புறப்பட, ஆழ்வாரும் கூடவே கிளம்பினார். கிளம்பும்போது திருவெஃகா பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரும்படி சொன்னார். பெருமாளும் அப்படியே செய்தார் என்கிறது தல வரலாறு. அதனால்தான் அவருக்குச் 'சொன்ன வண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர். அவர்கள் அந்த ஓர் இரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை'. அதுவே மருவி ஓரிக்கை ஆனதாகச் சொல்கிறார்கள். மன்னன் மன்னிப்புக் கேட்டதும் மறுநாள் எல்லோரும் காஞ்சிக்குத் திரும்பிவிட்டார்கள்.

பாலாற்றுத் தண்ணீரும் இந்த ஊருக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் வருகிறது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கம் அருகே வாயலூரில் கடலில் கலக்கும் ஆறு இது. ஓரிக்கையில் வெள்ளம் வருவது மழைக்காலத்தில், அதுவும் சில நாள்களுக்கு மட்டும். 2021 நவம்பரில் கரை முட்டி ஓடியது. பிறகு தண்ணீர் மணலுக்குள் இறங்கிவிட்டது.

விவசாயி கண்டுபிடித்த படகு

ஜெட் போட்டின் கதை நியூசிலாந்தின் தெற்குத் தீவில் தொடங்குகிறது. பில் ஹாமில்டன் அங்கே ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவர், கூடவே இயந்திரங்களைச் செய்து பார்க்கும் ஆர்வமும் உள்ளவர். அவர் ஊர் ஆறுகள் பனி உருகி வருபவை. அகலமாக, கூழாங்கற்கள் மேல், முழங்கால் ஆழத்தில் பல கிளைகளாக ஓடும். சாதாரண மோட்டார் படகை அதில் விட்டால் அடியில் சுழலும் புரொப்பல்லர் கல்லில் மோதி உடைந்துவிடும்.

புரொப்பல்லரே இல்லாத படகைச் செய்ய முடியாதா என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் யோசித்தார். படகின் அடிப்பக்கத்தில் ஒரு வாய் வைத்துத் தண்ணீரை உள்ளே இழுத்து, பம்ப் மூலம் பின்பக்கமாகப் பீய்ச்சி அடித்தால் படகு முன்னே போகும் அல்லவா? ஆரம்பத்தில் தண்ணீரைப் படகுக்குக் கீழே பீய்ச்சினார். வேகம் வரவில்லை. 1954-ல் நீர்மட்டத்துக்கு மேலே பின்பக்கமாகப் பீய்ச்சும்படி மாற்றினார். படகு சீறிக்கொண்டு கிளம்பியது.

வயலில் பம்புசெட் குழாயைக் கையில் பிடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீர் முன்னே பாய்கிறபோது குழாய் கையைப் பின்னே தள்ளும். அதே விசைதான் இங்கே படகை ஓட்டுகிறது. அந்தக் குழாய் வாயை இடமும் வலமும் திருப்பினால் படகும் திரும்பும். வாய்க்கு முன்னால் ஒரு மூடியை இறக்கி நீரை முன்பக்கமாகத் திருப்பிவிட்டால் ரிவர்ஸ். வேகம் பிடித்துத் தண்ணீருக்கு மேல் எழும்பிவிட்டால், சில அங்குல ஆழம் இருந்தாலே ஜெட் போட் ஓடும்.

கங்கையில் ஏறிய மூன்று படகுகள்

இந்தியாவுக்கும் ஜெட் போட்டுக்கும் மறக்க முடியாத ஓர் உறவு உண்டு. எவரெஸ்ட் உச்சியை டென்சிங்குடன் தொட்ட எட்மண்ட் ஹிலாரி, 1977-ல் மூன்று ஜெட் போட்களுடன் கங்காசாகருக்கு வந்து சேர்ந்தார். வங்கக் கடலில் தொடங்கி, கங்கையின் நீரோட்டத்தை எதிர்த்து இமயமலை வரை ஏறுவது அவர் திட்டம். பில் ஹாமில்டனின் மகன் ஜான் ஹாமில்டனும், 1965-ல் இந்தியக் குழுவை எவரெஸ்ட்டுக்கு அழைத்துச் சென்ற எம்.எஸ்.கோலியும் உடன் வந்தார்கள்.

சமவெளியைக் கடந்து, ரிஷிகேஷுக்கு மேலே பாறைகளுக்கு நடுவே கொந்தளிக்கும் நீரில் ஏறி, நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி வழிமறிக்கும் வரை அந்தப் படகுகள் போயின. அதற்கு மேல் குழுவினர் நடந்து மலையேறினார்கள். சாதாரண மோட்டார் படகால் அந்தப் பாறை ஆற்றில் ஏறியிருக்க முடியாது.

இன்று இந்தியக் கடற்படையின் கார் நிக்கோபார் வகை ரோந்துக் கப்பல்களும் இதே நீர்ப்பீய்ச்சல் முறையில்தான் ஓடுகின்றன. சுற்றுலாத் தலங்களில் நீங்கள் பார்க்கும் வாட்டர் ஸ்கூட்டரும் ஜெட் போட்டின் தம்பிதான்.

வாங்குவதற்கு முன்...

சரி, ஒருவர் உண்மையிலேயே ஜெட் போட் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் செய்ய வேண்டியது, வாடகைக்கு ஓட்டிப் பார்ப்பது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலும் முதலியார்குப்பத்திலும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறைகள் இருக்கின்றன. ஜெட் எப்படிப் பிடிக்கிறது, எப்படி நிற்கிறது என்பதை அங்கே ஒரு வாட்டர் ஸ்கூட்டர் சவாரியிலேயே உணர்ந்துகொள்ளலாம்.

அடுத்தது சட்டம். இயந்திரத்தால் ஓடும் உள்நாட்டுப் படகுகளுக்கு 2021-ல் வந்த உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி ஆய்வுச் சான்றும் பதிவும் தேவை. 'ஏரி காலியாகத்தானே கிடக்கிறது' என்று யாரும் படகை இறக்கிவிட முடியாது. ஏரியும் ஆறும் யார் பொறுப்பில் இருக்கின்றனவோ, அந்தத் துறையின் அனுமதி வேண்டும். படகு வாங்குவதற்கு முன்பே, அதை எங்கே ஓட்டப்போகிறோம் என்பதற்கு விடை கையில் இருக்க வேண்டும்.

ஓட்டுபவருக்கான பாலபாடம்

காரில் ஆபத்து வந்தால் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடும். ஜெட் போட்டில் அதுதான் பெரிய தவறு. பீய்ச்சும் தண்ணீர்தான் படகைத் திருப்புகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் குறைத்துவிட்டால் ஸ்டீயரிங்கை எவ்வளவு சுற்றினாலும் படகு நேராகவே போய் மோதும். எதிரே தடை வந்தால் கொஞ்சம் வேகம் கொடுத்துத்தான் திருப்ப வேண்டும். புதிதாக ஓட்டுபவர்கள் இதைத் திறந்த நீர்ப்பரப்பில் திரும்பத் திரும்பப் பழக வேண்டும்.

படகில் ஏறும் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ஓட்டுபவர் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். ஆகவே மூடிய இன்ஜின் அறை உள்ள படகில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் 4 நிமிடமாவது காற்றோட்ட விசிறியை ஓடவிடுவது வழக்கம்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போது படகுக்குப் பின்னால் யாரும் நிற்கவோ, நீந்தவோ கூடாது. அந்த நீர்வீச்சு உடலைக் கடுமையாகக் காயப்படுத்தும். துப்பட்டா, புடவை முந்தானை, நீளமான தலைமுடி எதுவும் தண்ணீர் உறிஞ்சும் வாய்க்கு அருகே போகக் கூடாது.

பராமரிப்பின் எதிரி மணல்

ஜெட் போட்டின் இதயம் இம்பெல்லர். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம் அது. அதற்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளிதான் இருக்கும். தண்ணீரோடு மணல் உள்ளே போனால் உப்புத்தாள் போலத் தேய்த்துத் தேய்த்து அந்த இடைவெளியைப் பெரிதாக்கிவிடும். அப்புறம் இன்ஜின் அலறும், படகு நகராது. பெட்ரோல் செலவு மட்டும் ஏறும்.

அதனால்தான், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது 3 அடி ஆழமாவது இருக்க வேண்டும் என்கிறார்கள். வேகத்தில் சில அங்குலம் போதும் என்ற படகுக்கு, நிற்கும்போது அது போதாது. ஆழமில்லாத இடத்தில் ஸ்டார்ட் செய்தால் அடி மணலை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்த எதிரி ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பை, அறுந்த வலை. இவை உறிஞ்சும் வாயின் கம்பித் தடுப்பில் சிக்கினால் பம்புக்குத் தண்ணீர் கிடைக்காது. இன்ஜினை முழுவதும் நிறுத்தி, சாவியை எடுத்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். பல படகுகளில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரும் இதே பம்பிலிருந்துதான் போகிறது. ஆகவே, அங்குள்ள வடிகட்டியில் மணல் சேர்ந்தால் இன்ஜின் கொதித்துவிடும். அதையும் அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும்.

உப்புத் தண்ணீரில் ஓட்டினால், திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரால் இன்ஜினையும் பம்பையும் அலச வேண்டும். பேரிங்குக்கு கிரீஸ், கசிவு அடைக்கும் சீல், இன்ஜின் ஆயில் எல்லாவற்றையும் கையேட்டில் சொன்ன கால அளவில் பார்க்க வேண்டும். டிரெய்லரின் சக்கர பேரிங்கையும் மறக்கக் கூடாது. இவ்வளவும் செய்துவிட்டு, படகின் அடியில் உள்ள வடிகால் அடைப்பானைப் போட மறந்து தண்ணீரில் இறக்கினால் அத்தனையும் வீண்!

அப்படியென்றால் பாலாற்றில்?

மேலே சொன்ன ஒவ்வொன்றையும் ஓரிக்கையில் வைத்துப் பார்த்தால் பதில் தெளிவாகிவிடும். நியூசிலாந்து ஆறுகள் போலவே பாலாறும் அகலம், ஆழம் குறைவு. ஆனால் அங்கே அடியில் கூழாங்கல், இங்கே மணல். கூழாங்கல் பெரும்பாலும் கம்பித் தடுப்போடு நின்றுவிடும், மணல் உள்ளே புகுந்துவிடும். அங்கே பனி உருகி வரும் நீர், இங்கே மழை பெய்தால்தான் நீர். வெள்ளம் வரும் சில நாள்களில் மரங்களும் முட்புதர்களும் உருண்டு வரும். மணல் அள்ளிய பள்ளங்களில் சுழல் இருக்கும். தடுப்பணையைத் தாண்டி விழும் தண்ணீர், கீழே சிக்கிய படகைத் திரும்பத் திரும்பத் தன் பக்கமே இழுக்கும். அனுபவசாலிகளும் அஞ்சும் இடம் அது.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் கண்ணுக்குத் தெரியாதது. காஞ்சிபுரம் நகரத்துக்கான குடிநீரில் ஒரு பகுதி ஓரிக்கை ஆற்றுப் படுகையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மேலே காய்ந்து கிடக்கும் அதே மணல்தான் உள்ளே தண்ணீரைத் தேக்கி, வடிகட்டி, வீட்டுக் குழாய்க்குக் கொடுக்கிறது. அதன் மேல் பெட்ரோலும் ஆயிலும் சிந்தினால், பட்டுத்தறி நெய்கிற வீட்டின் குடத்துக்குத்தான் அது வந்து சேரும்.

இதே சாலையில் மேலே போனால் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்று தனிக் குழுவையே அந்த ஊர் தேர்ந்தெடுத்தது என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. குழுவின் பதவிக்காலம் 360 நாள். முடிந்ததும் புதிய ஆட்கள் வர வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, தண்ணீருக்கும் பராமரிப்பு உண்டு என்று தெரிந்து வைத்திருந்த பகுதி இது.

எனவே, ஜெட் போட் ஆசை உள்ளவர்கள் தாராளமாக முதலியார்குப்பம் போகலாம். ஓரிக்கைக்கு வருபவர்கள் மணிமண்டபத்தையும் திருவெஃகா பெருமாளையும் தரிசித்துவிட்டு, பிள்ளைகளைப் பாலாற்றுப் பாலத்துக்கு அழைத்து வரலாம். நவம்பர், டிசம்பரில் நல்ல மழை பெய்தால் ஆறு ஓடுவதையும் பார்க்கலாம். மற்ற நாள்களில், 'இந்த மணலுக்குள்ளேதான் ஊருக்கான தண்ணீர் இருக்கிறது' என்று காட்டுங்கள். பள்ளங்கள் இருப்பதால் ஆற்றுக்குள் இறங்க வேண்டாம், பிளாஸ்டிக் பையையும் வீச வேண்டாம். படகு தேய்ந்தால் வேறு இம்பெல்லர் வாங்கிவிடலாம். ஆற்றுக்கு மாற்று உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது!