குறியும் வில்லையும்

பாலசமுத்திரத்து இளைஞன் ஒருவன், கரும்பு வெட்டில் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தன் ஏர் ரைபிளுக்கு ஒரு ஸ்கோப் வாங்கினான். மூன்று முதல் ஒன்பது மடங்கு உருப்பெருக்கம், 40 மி.மீ. முகப்பு வில்லை. பெட்டியின் மேல் 'வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும்' என்றிருந்தது. அந்த உம்மைகளை நம்பியே வாங்கினான். அவன் விரும்பியதோ பத்து மீட்டர்ப் போட்டி.

மாந்தோப்பில் அட்டையை நட்டு, ஒன்பது மடங்கில் பார்த்தபோது வட்டம் கலங்கித் தெரிந்தது. வேட்டை ஸ்கோப்புகள் பெரும்பாலும் நூறு கெஜத் தொலைவுக்கென்றே சரிசெய்யப்பட்டவை. பத்து மீட்டரில் கண் சற்று நகர்ந்தாலும் குறுக்குக்கோடு இலக்கைவிட்டு விலகும். சில நூறு குண்டுகளுக்குப் பின் குறியே நிலைகொள்ளவில்லை. சுருள்வில் துப்பாக்கி பின்னுக்கு உதைத்து, உடனே முன்னுக்கும் உதைக்கும். பின்னுதைப்பை மட்டும் தாங்கும்படி செய்த ஸ்கோப் அதற்கு ஈடுகொடுப்பதில்லை.

அந்தியில் தாத்தாவிடம் காட்டினான்.

"ஒன்பதுல வச்சா இருட்டடிக்குது தாத்தா, மூணுல பளிச்சுனு இருக்குது."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்டா தெரியுது."

இருவரும் சொன்னது உண்மை. நாற்பதை ஒன்பதால் வகுத்தால் வெளிவரும் ஒளிக்கற்றை ஏறக்குறைய 4.4 மி.மீ.; மூன்றால் வகுத்தால் 13. இருளில் இளங்கண்ணின் பாவை ஏழு மி.மீ. வரை விரியும், முதியவர் பாவை அவ்வளவு விரியாது. அதிகப்படி ஒளி அவர் கண்ணுக்குள் புகுவதே இல்லை.

வேட்டை என்பதோ இம்மாவட்டத்தில் இறந்தகாலச் சொல். கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட நூலில் சித்தூர்க் காடுகளின் சாமலா பள்ளத்தாக்குப் புலியைப் பற்றிய கதை உண்டு. அவர் கையிலிருந்தது .405 வின்செஸ்டர், இரவுக் காத்திருப்புகளில் அவருக்குக் கைகொடுத்தது துப்பாக்கியோடு பிணைத்த டார்ச் விளக்கு. சில கெஜத் தொலைவில் இரைமேல் குனியும் விலங்குக்குத் தொலைநோக்கி எதற்கு? பின்னர் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையை முடித்துவைத்தன. சேஷாசலக் காடுகளில் 1989 முதல் தேசியப் பூங்கா இருக்கிறது.

எஞ்சியது இலக்குச் சுடுதல். திருப்பதியில் ஒரு பயிற்சியாளர் அவன் ரைபிளைக் கண்டதும் சிரித்துவிட்டார். பன்னாட்டு விதிப்படி அப்போட்டியில் துப்பாக்கியின் மேல் எவ்வகை வில்லையும் கூடாது. பின்னால் ஒரு நுண்துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவே. அட்டையின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ.; அதன் நடுவே பத்துப் புள்ளி பெறும் இடம் அரை மி.மீ. அந்தப் புள்ளியைச் சுடுபவர் காண்பதே இல்லை. கறுப்பை வளையத்துக்குள் நிறுத்தி, உள்ளே புள்ளி இருக்கிறதென்று கொண்டு சுட வேண்டும்.

வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசி வளர்ந்தவனுக்கு அது எளிதில் விளங்கியிருக்கக்கூடும். தமிழின் 'குறி'க்கு இனமான தெலுங்குச் சொல்லுக்கு இலக்கு என்றும் பொருள், நம்பிக்கை என்றும் பொருள். (நம் பக்கத்திலோ குறி சொல்பவரிடம் போய்க் குறி கேட்கிறோம்.) ஒரே வேர் எல்லை கடந்ததும் இப்படிக் கிளைப்பதை அகராதியில் படிப்பது வேறு, ஒருவன் தோளில் துப்பாக்கியோடு நிற்கையில் காண்பது வேறு.

ஊர் திரும்பியதும் ஸ்கோப்பைக் கழற்றினான். ஒரு பருவத்துக் கூலி. விற்கவும் மனமில்லை, வாங்கவும் ஆளில்லை. இப்போது அது தாத்தாவிடம் இருக்கிறது. ஏரிக்கரையில் உட்கார்ந்து, மூன்றிலேயே வைத்து, கொக்குகளைப் பார்க்கிறார்.